ஓடுகிற மிஷினை நம்பாத பெண்

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருக்கும் லாரி எடைமேடை நான் கட்டியது. குழி எடுக்கும்போது முழங்கால் ஆழத்திலேயே பாறை வந்துவிட்டது. பார்க்க வந்த இஞ்சினியர், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் திரும்பவில்லை. கல் உடைக்கிற ஆட்களோடு நானும் உளி பிடித்து இறங்கினேன். இன்றைக்கு நெல் லோடு, கரும்பு லோடு, கருங்கல் லோடு எது ஏறினாலும் அந்த மேடை அசையாது. பஜாரில் மூன்று மாடிக் கடைக்கட்டடம் ஒன்று என்னுடையது. தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிட்ட மேட்டில் கல்யாண மண்டபம் கட்டினேன். கோடையில் பக்கத்துத் தெருக்காரர்கள் என் போர்வெல்லில்தான் குடம் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் நான் எழுப்பியது, கூலி வாங்கவில்லை. இத்தனைக்கும் என் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் அஞ்சாங்கிளாஸ் பாதியில் கலவை சுமக்கப் போனவன். கரணை பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி வந்தவன். ஊரில் இன்றைக்கும் மேஸ்திரி என்றால் நான்தான்.

பாறைக்கு அசையாத என்னை ஒரு பெண் உட்காரவிடாமல் ஆட்டிவைத்தாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் வம்புக்கு இழுப்பது போல் ஆகிவிடும்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அறை முழுக்கப் பக்கவாட்டுத் தகடு கழற்றிய பெட்டிகள். உட்கார இரண்டு ஸ்டூல் இருந்தன. இரண்டிலும் மிஷின்தான் உட்கார்ந்திருக்கும். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நின்றுகொண்டே வேலை செய்வாள், நின்றபடி ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். டீ வாங்கி வைப்பாள், மறந்துவிடுவாள், அது ஆறி ஏடு படிந்த பிறகு மருந்து குடிப்பது போல் ஒரே மடக்கில் குடிப்பாள். எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் அதன் தலைமேல் உள்ளங்கையை வைப்பாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அப்புறம் கேட்பாள்:

"சாவறதுக்கு முந்தி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

எல்லோரையும் அதே கேள்விதான். நாம் என்ன சொல்வோம்? இரண்டு நாளாகத் தொல்லை கொடுக்கிறது, நேற்று மாப்பிள்ளை வந்திருந்தார், அவர் எதையோ அமுக்கினார் என்று ஆரம்பிப்போம். கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"கத வேணாம் மேஸ்திரி. வரிசையா சொல்லுங்க. மொதல்ல இன்னா, அதுக்கப்பறம் இன்னா."

என்னை அப்படி நிறுத்திய ஆள் இந்த ஊரில் வேறு கிடையாது.

முதல்முறை அவள் என் எடைமேடைக்கு வந்தது ஒரு மணிலா லோடு மேடையில் நிற்கும்போது. நாங்கள் வேர்க்கடலையை மணிலா என்போம். லாரி ஏறி, எடை விழுந்து, சீட்டு அச்சாகப் போகிற நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிட்டது. மின்சாரம் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி போட்டால் கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஏதேதோ ஓடி, கடைசி வரியில் நின்று, ஒரு சின்னக் கட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் போட்டிருந்த காலத்தில் வைரஸ் வந்து ஒரு பருவத்து எடை முழுவதும் போனதால், மென்பொருள் செய்து கொடுத்தவர் லினக்ஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார். பெட்டியின் மேல் லினக்ஸுக்கு அடையாளமான பென்குயின் படமும் ஒட்டியிருந்தார். பஜாரில் இருந்த ரிப்பேர்க்காரர் அந்தப் படத்தைப் பார்த்ததுமே பின்வாங்கினார்.

"இது நம்ம லைன் இல்ல மேஸ்திரி. ஃபார்மேட் அடிச்சிட்டு பழையபடி விண்டோஸ் போட்டுடறேன்."

"உள்ள இருக்கிற எடைக் கணக்கு?"

"அது போவும்."

போகும் என்று சாதாரணமாகச் சொல்கிறான். அந்தப் பருவத்தில் ஏறி இறங்கிய ஒவ்வொரு லாரியின் எடையும் அதற்குள் இருந்தது. நாளைக்கு ஒரு வியாபாரி வந்து தகராறு பண்ணினால் எதைக் காட்டுவது? அப்போதுதான் யாரோ அவளைச் சொன்னார்கள். வந்தாள். மேடையில் லாரி, லாரிக்குப் பின்னால் இன்னும் லாரிகள், டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் தொட்டாள், கேள்வியைக் கேட்டாள், பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின. கொஞ்ச நேரத்தில் மிஷின் பழையபடி எழுந்துவிட்டது. கணக்கு அப்படியே இருந்தது.

"எழுதிக்கினு இருக்கும்போதே கரண்ட்ட புடுங்கினா பாதி எழுத்து அங்கங்க சிதறிக் கெடக்கும். அத்த அடுக்கி வச்சாத்தான் உள்ள விடும். அடுக்கி வச்சிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. லாரியை இறக்கச் சொல்லிவிட்டு, "ரொம்ப நல்லதும்மா, கெளம்பு, நான் அப்பறமா கடைக்கு வரேன்" என்றேன்.

அவள் கிளம்பவில்லை.

"அது காயம் மேஸ்திரி. கட்டு போட்டாச்சு. அடி எங்கேருந்து விழுந்துச்சுன்னு தெரியல."

"ஓடுது இல்ல?"

"ஓடுது. அதான் பயமா இருக்குது."

இந்த மாதிரி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ஓடாத மிஷினைப் பார்த்துப் பயப்படுவார்கள். இவள் ஓடுகிற மிஷினைப் பார்த்துப் பயந்தாள். காரணம் தெரியாமல் ஒன்று நன்றாக இருந்தால் அவளுக்கு அது கெட்டுப்போனதைவிட மோசம். லினக்ஸ் தான் செய்கிற ஒவ்வொன்றையும் தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளுமாம். அதைத் திறந்து, சாகும்வரைக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"ஒழுங்கா அணைஞ்சா, அணையிறேன்னு எழுதிட்டுத்தான் போவும். இதுல ஒண்ணியும் இல்ல. பேசிக்கினே இருந்த ஆளு நடுப்பேச்சுல போயிட்டமாதிரி இருக்குது. அப்ப கொழப்பம் எழுத்துல இல்ல. ஒண்ணு கரண்ட்டு, இல்ல சூடு."

அன்று என் யூபிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தாள். பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கிற பாகத்தை மாற்றினாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிடாமலே வந்து நின்றாள். நின்னுச்சா என்றாள். நிற்கவில்லை என்றேன். முகம் வாடிப்போய்த் திரும்பினாள். நிற்கவில்லை என்று சொன்னதற்கு வாடுகிற ரிப்பேர்க்காரி.

மேல்சித்தாமூர் நயினார் ஒருவர் பஜாரில் உரக்கடை வைத்திருந்தார், சமணர். அவர் கடைக் கம்ப்யூட்டருக்கு வேறு வியாதி. சில நாள் காலையில் போட்டால் நல்லபடி எழும். சில நாள் அதே கறுப்புத் திரை. தேதி என்னவோ பழைய காலத்துத் தேதியைக் காட்டும். மிஷினுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம், அதுதான் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுமாம். அது தீர்ந்துபோனதால் தேதி பின்னால் ஓடிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் நேற்று எழுதியது இருக்கிறது, கடிகாரமோ நேற்று இன்னும் வரவில்லை என்கிறது. லினக்ஸ் குழம்பி வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் பேட்டரியை மாற்றினாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அவள் நயினாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இத்தினி சீக்கிரம் தீராதே. சாயங்காலம் கடைய மூடும்போது இன்னா பண்றீங்க? வரிசையா."

நயினார் பொறுமைசாலி. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும், அதனால் சீக்கிரம் மூடுவேன், கல்லாவைப் பூட்டுவேன், மெயின் சுவிட்சை இறக்குவேன் என்றார்.

"மெயின எதுக்கு எறக்கறீங்க?"

"வெளக்கு எரிஞ்சா பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். ஒயர்ல மாட்டிச் சாவும். நம்மால ஒரு உசுரு போவணுமா?"

அவள் அந்த மெயின் சுவிட்சை நிமிர்ந்து பார்த்தாள். மெயின் இறங்கியிருக்கும் நேரமெல்லாம் அந்தக் குட்டிப் பேட்டரி தன்னையே தின்கிறது, அதுதான் காரணம். அவரை மாற்றச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பேட்டரியையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். "அவரு பண்றது அவருக்குச் சரி. எனக்கு ஏன்னு தெரிஞ்சா போதும்" என்றாள் என்னிடம்.

எனக்கு ஏன்னு தெரிஞ்சா போதும். ஊரில் இதைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. டிபன் கடையில் மாவு புளிக்காவிட்டால்கூட, "அந்தக்காவ கூப்புடு, மாவு சாவறதுக்கு முந்தி இன்னா பண்ணுச்சுன்னு கேக்கும்" என்பார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவள் திரும்பி, "நேத்து எந்தத் தண்ணி ஊத்துன?" என்று நிஜமாகவே கேட்பாள். சொன்னவன்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா இறந்துபோன அன்று பூமாலை வாங்கிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் குளித்துவிட்டு வந்தவர் கூடத்தில் சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அழுகை. இவள் அழவில்லை. அம்மாவின் பக்கத்தில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்ததும் மொதல்ல இன்னா பண்ணாரு? தண்ணி குடிச்சாரா? குளிக்கறதுக்கு முந்தியா, அப்பறமா? கைய எங்கனா புடிச்சாரா?"

அத்தைக்காரி ஒருத்தி எழுந்து, "பொணத்துகிட்ட நின்னுகினு கேள்வி கேக்கறா பாரு, பொண்ணா இது" என்று கத்தினாள். கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அங்கே கண்டபடி கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். எல்லாச் செருப்பையும் வைத்து முடித்தாள். பிறகு நின்றுகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பெரிய மனிதன், பக்கத்தில் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிடைத்திருக்காது.

அடுத்த தை மாதம் என் மிஷின் மறுபடி நிற்க ஆரம்பித்தது. நெல் அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். செஞ்சிக்கு எங்கெங்கிருந்தோ மூட்டைகள் வரும், சாலையே லாரியாக இருக்கும். காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்போது பட்டென்று அணையும். கறுப்புத் திரை வரும். அவள் ஓடிவந்து அந்த ஒரு வரியை அடித்து எழுப்புவாள். மறுநாள் மறுபடி அணையும். யூபிஎஸ்ஸையே புதிதாக மாற்றினேன். அப்படியும் அணைந்தது.

அணைவதுகூடப் பெரிதில்லை. பேச்சு கிளம்பிவிட்டது. நெல் தரகர் ஒருவர், வாயால் பிழைக்கிற மனிதர், டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம்.

"லோடு ஏறுனா நிக்குதாம். காலி வண்டி ஏறுனா நிக்காதாம். நல்லா கத்துக் குடுத்து வச்சிருக்காரு. சித்தாளு வேலை பாத்தவங்கிட்ட தராசக் குடுத்தா வேறென்ன நடக்கும்."

இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கள்ள எடை என்ற சொல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மேடையை இடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். எடை காட்டுவது தனிக் கருவி, கம்ப்யூட்டர் அதைப் பார்த்து எழுதுவதோடு சரி. அதை யாரிடம் போய் விளக்குவது? திருவண்ணாமலை சாலையில் இன்னொரு எடைமேடை இருக்கிறது. என் வாசலைத் தாண்டி லாரிகள் அங்கே போக ஆரம்பித்தன. நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்து, "ஒரு நாள் மூடுங்க மேஸ்திரி" என்றாள்.

"இன்னாது?"

"லாரி நிக்கும்போது அவசரம், நான் எழுப்பிவிட்டுட்டுப் போயிடறேன். அது எப்பிடி சாவுதுன்னு நான் பாத்ததே இல்ல. என் கண்ணு முன்னாடி சாவணும். ஒரு நாள் குடுங்க."

"அறுவடையில மூடச் சொல்றியா? வேற வேலை இல்ல உனக்கு?"

"வேற வேலை இல்ல" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

நான் அன்று முழுக்க அவளைத் திட்டினேன். மறுநாள் காலையில் மேடைக்குக் குறுக்கே சங்கிலி போட்டேன். சும்மா போடவில்லை. என் மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவரச் சொல்லி எடை அறையில் வரிசையாகப் போட்டேன். தரகருக்கும் மூன்று வியாபாரிகளுக்கும் ஆள் அனுப்பினேன். என் மிஷின் எப்படிச் சாகிறது என்று நீங்களும் வந்து பாருங்கள் என்றேன். மறைவில் சரிபண்ணியிருந்தால் மறைவில் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

வந்தார்கள். டீ கொடுத்தேன். அவள் பெட்டியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, சூடு ஏறட்டும் என்று மிஷினைச் சும்மாவே கணக்குப் போட வைத்தாள். திரையின் ஓரத்தில் சூட்டின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அது சாவதற்காகக் காத்திருந்தோம். அது சாகவில்லை. வந்தவர்களுக்கு என்று வைத்த மேசை ஃபேன் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சூடு கொஞ்சம் ஏறும், நிற்கும், இறங்கும். லாரிகள் வருவதும் சங்கிலியைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தன. அறை சின்னது. அவள் ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் நடந்தாள். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். நடுவில் இரண்டு தடவை முட்டிக்கொண்டோம்.

தரகர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இன்னா மேஸ்திரி, மிஷினு ஆளு பாத்துத்தான் நிக்குமா?" என்றார். வியாபாரிகள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். அவர் வெளியே போனால் அவரோடு என் பெயரும் போகிறது.

அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வேறு யோசனை எதுவும் இல்லை. அப்போது நான்தான் சொன்னேன்.

"ஏம்மா. வீடு ஒழுவுதுன்னு கூப்புடுவாங்க. வெயில்ல போயி, ஓட்டப் பிரிச்சுப் போட்டுட்டுப் பாத்தா எப்பிடித் தெரியும்? மழை பெய்யும்போது, ஓடு ஓடாவே இருக்கும்போது, அந்த மூலையில போயி நிக்கணும். இத்த எடுத்து அது எடத்துல வை. தகட்ட மூடு. காலையில கதவு தொறக்கறதுலேருந்து தெனம் இன்னா நடக்குமோ அத்தனையும் அப்பிடியே நடக்கட்டும்."

அவள் நடப்பதை நிறுத்தினாள். "அத்தனையுமா?"

"அத்தனையும்."

பெட்டிக்கு இடம் என்பது சுவரில் நானே கட்டிய மாடம். எலியும் திருடனும் நுழையாதபடி கடப்பாக் கல் வைத்துக் கட்டியது. அதில் பழையபடி வைத்தோம். ஃபேனை அணைத்தோம். என்னிடம் எடை போடுகிற ஆள் மூலையில் நின்றுகொண்டிருந்தார். மேல்மலையனூர் அங்காளம்மன் பக்தர், அமாவாசை தவறாமல் போகிறவர், ஐம்பது வயதுக்கு மேல். அவர் மெல்லக் கேட்டார்.

"அத்தனையும்னா, சாம்பிராணியுமா மொதலாளி?"

"தெனம் போடறதுதான? போடு."

அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். தூபக்காலில் கரி பற்றவைத்து, சாம்பிராணித் தூள் தூவி, சாமி படத்துக்குக் காட்டினார். எடை காட்டும் கருவிக்குக் காட்டினார். பிறகு மாடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பனையோலை விசிறியால் புகையைப் பெட்டியின் முகத்தில் விசிறினார். நிறைய விசிறினார். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் காட்டுவாராம். மிஷின் நிற்க ஆரம்பித்ததும் கண்ணு பட்டுவிட்டது என்று தினமும் காட்டினாராம். அப்படியும் நின்றதால் காலை, மாலை இரண்டு வேளையும் ஆக்கிவிட்டாராம். மிஷின் நிற்க நிற்கப் புகை கூடியிருக்கிறது. புகை கூடக் கூட மிஷின் நின்றிருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நிறுத்தாதீங்கண்ணே. காட்டுங்க."

புகை பெட்டியின் முன்பக்கத் துளைகள் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது, யாரோ உறிஞ்சுவது போல. அவள் கையை மாடத்துக்குள் விட்டுப் பெட்டியின் பின்னால் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள போவுது. பின்னால வரல."

மறுபடி கணக்குப் போட வைத்தாள். சூட்டைச் சத்தமாகப் படித்தாள். எழுபது, எழுபத்தைந்து, எண்பத்தொன்று. தரகர் காலை மடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வேட்டியைத் தட்டிய வியாபாரி மறுபடி உட்கார்ந்தார். தொண்ணூறு தாண்டியது. அதற்கப்புறமும் ஏறியது. பட்டென்று திரை இருண்டது.

"செத்துச்சு" என்றாள் அவள். குழந்தை பிறந்தது என்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து சொல்வார்களே, அந்தக் குரலில்.

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருக்கும் சின்ன விசிறி பளபளவென்று இருந்தது, எடை போடுகிற ஆள் வாரா வாரம் துடைப்பவர். அதனால்தான் இத்தனை நாள் அவள் கண்ணுக்கும் தப்பியது. அந்த விசிறியையே திருகு கழற்றி எடுத்தாள். அதற்கு அடியில் சூட்டை வாங்குகிற அலுமினியத் தகடுகள் இருக்கும், சீப்புப் பல் மாதிரி. ஒரு பல்கூடத் தெரியவில்லை. கறுப்பாக, கெட்டியாக, கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அவற்றின்மேல் படிந்திருந்தது. நகத்தால் நெம்பி முழுசாக எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள். சாம்பிராணியும் நெல்லுத் தூசும் சேர்ந்து இறுகிப்போன வாசனை. நான் தரகரிடம் கொடுத்தேன். அவரும் முகர்ந்தார்.

எடை போடுகிற ஆளுக்கு முகம் செத்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தானம்மா..." என்றார்.

"நல்லதுக்குத்தாண்ணே. அங்காளம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. கதவுக்குக் காட்டுங்க, மேடைக்குக் காட்டுங்க. இதுக்கு மூக்கு இருக்குது, இதுக்கு மட்டும் வேணாம்."

சுத்தம் பண்ணி, சூட்டைக் கடத்தும் பசை தடவி மூடி, அதே மாடத்தில் வைத்து ஓட்டினாள். மாடத்தின் பின்சுவரில் காற்றுப்போக நான் அப்போதே உளி வைத்துத் துளை போட்டேன். சங்கிலியை எடுத்தேன். தரகர் தன்னுடைய லோடு ஒன்றையே வரவழைத்து ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். மிஷின் அணையவில்லை. எடையும் மாறவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நம்ம லோடு இங்கதான் வரும்" என்றார். வந்தது. அவர் வந்தபிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

அவள் அப்போதும் அடங்கவில்லை. மறுநாள் காலையில் வந்து நிற்கிறாள்.

"சூடு ஏறுதுன்னு அது ஏன் முன்னாடியே சொல்லல மேஸ்திரி?"

"நல்லா ஓடுதும்மா, தாயே."

"அதான்."

கீபோர்டில் எதையோ எழுதி மிஷினுக்குள் வைத்துவிட்டுப் போனாள். இப்போது சூடு ஏறினால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி அது கத்தும்.

பிறகு அவள் சென்னைக்குப் போய்விட்டாள். ஏதோ கம்பெனியில் குளிர்ந்த அறைக்குள் வரிசை வரிசையாக நிற்கும் லினக்ஸ் மிஷின்களுக்கு அவள்தான் பொறுப்பாம். அவள் கடை இருந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனாள். நின்றபடியே ஒரு டீ குடித்தாள்.

போன மாதம் என் பேரன் போனில் ஒரு வீடியோ காட்டினான். பெரிய அரங்கம், இஞ்சினியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் அவள். தலையில் இரண்டு நரை. எங்கள் சாம்பிராணிக் கதையைத்தான் சொல்கிறாள். நன்றாகச் சொல்கிறாள், அரங்கமே சிரிக்கிறது. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அந்த இடம் வரும்வரைக்கும்.

"என் மேசையில் அது சாகவே இல்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அதை அதன் இடத்திலேயே வைத்து, தினமும் நடப்பதை அப்படியே நடத்திப் பார்க்க வேண்டும் என்று."

பேரனை நிறுத்தி மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் "எனக்குத் தோன்றியது" என்றுதான் சொன்னாள். யாருக்குத் தோன்றியது? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கா? கைதட்டல் அந்த இடத்தில்தான் விழுகிறது.

போன் பண்ணவில்லை. பண்ணினால் "ஆமாம் மேஸ்திரி, மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாள், அதோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். செத்த மிஷினைத் திரும்பத் திரும்ப எழுப்பியது அவள். சூட்டைப் படித்தது அவள். விசிறிக்கு அடியில் கை வைத்தது அவள். அந்தத் திறமையில் கடுகளவும் நான் கேட்கவில்லை, எனக்கு அது வராது. ஆனால் அது இடத்தில் வை என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. தரகர் இருக்கிறார், மூன்று வியாபாரிகள் இருக்கிறார்கள், எடை போடுகிற ஆள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார். கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை அவள் அந்தக் கதையைச் சொல்லும்போது, தோன்றியது என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில், செஞ்சியில் ஒரு மேஸ்திரி சொன்னார் என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி என்பதோடு நிறுத்தவும் கூடாது. பெயரோடு சொல்ல வேண்டும். என் பெயர் அவளுக்குத் தெரியும்.